ரத்தம் எடுத்தவர்கள் திரும்பி வந்தார்களா?

சின்னச் சட்டம் ஒன்று. அதில் ஒரே நிமிடத்தில் மணல் இறங்கி முடியும் கண்ணாடிக் குடுவை. பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள், கடைசியில் ஒரு சிவப்பு மணி. மகாராஷ்டிரத்தின் கிழக்கு எல்லையில் காடு சூழ்ந்த கட்சிரோலி மாவட்டத்தில், ஊர் மருத்துவச்சிகளின் கைக்குப் பழகிய கருவி இது. இருமலும் இளைப்புமாகக் கிடக்கும் குழந்தையின் சட்டையை மேலே ஏற்றிவிட்டு, வயிறு எழும்பி அடங்குவதைப் பார்த்தபடி எண்ண வேண்டும். பத்து மூச்சு ஆனதும் ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் முழுக்க இறங்கும் முன்பே சிவப்பு மணியைத் தள்ளும்படி ஆனால் குழந்தைக்கு நிமோனியா. உடனே மருந்தைத் தொடங்கியாக வேண்டும்.

மருத்துவப் புத்தகம் சொல்லும் விதி எளிதானது. இரண்டு மாதம் நிறையாத குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் ஆபத்து. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த எல்லை 50. ஆனால் அந்த மருத்துவச்சிகளில் பலருக்கு ஐம்பது வரை எண்ண வராது. பிரசவம் பார்ப்பதில் கைதேர்ந்தவர்கள், பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. ‘இவர்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது’ என்று எந்த ஆய்வாளரும் அங்கிருந்து நடையைக் கட்டியிருக்கலாம். அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி அப்படிச் செய்யவில்லை. அந்தப் பெண்களுக்கு எதுவரை எண்ண வருமோ அதற்கேற்றபடி கருவியைச் செய்தார்கள். 1992-இல் அது ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தது.

சுகாதார ஆய்வாளர்களும் மக்களும் கூட்டாளிகளாக இருக்க வேண்டும் என்று ஆய்வுக்கு நிதி கொடுக்கும் பெரிய நிறுவனங்கள் பலவும் இப்போது சொல்கின்றன. விண்ணப்பத்திலேயே அதற்கென்று ஒரு பகுதி உண்டு. அதை நிரப்புவது சுலபம். ஊராட்சித் தலைவரைப் பார்த்தோம், கூட்டம் போட்டோம், கையெழுத்து வாங்கினோம் என்று எழுதினால் முடிந்தது. ஆனால், எதை ஆராய்வது என்று முடிவெடுத்த நாளில் அந்த மக்கள் எங்கே இருந்தார்கள்? கண்டுபிடித்த செய்தி அவர்கள் வாசலுக்குத் திரும்பி வந்ததா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாத ஆய்வைக் கூட்டு ஆய்வு என்று அழைப்பது சரியல்ல.

பங் தம்பதி இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு 1986-இல் கட்சிரோலிக்கு வந்தவர்கள் அவர்கள். தொடக்க நாட்களில் எடுத்துக்கொண்ட ஆய்வு அரிவாள் செல் நோய் பற்றியது. ரத்தத்தின் சிவப்பணுக்கள் வட்டமாக இல்லாமல் அரிவாள் போல வளைந்து, நுண்ணிய நாளங்களை அடைத்துக்கொள்ளும் பரம்பரை நோய் அது. ரத்தம் எடுத்தார்கள், சோதித்தார்கள், நோய் இருக்கிறது என்று நிறுவினார்கள். மருத்துவ உலகுக்கு அது புதிய செய்தி. ரத்தம் கொடுத்தவர்களின் வாழ்க்கையில் ஒன்றும் மாறவில்லை. அவர்கள் கேட்ட கேள்வியும் அதுவல்ல. மக்கள் மேல் செய்யும் ஆய்வு வேறு, மக்களோடு சேர்ந்து செய்யும் ஆய்வு வேறு என்று அபய் பங் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொல்லிவருவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

இதே நோய்க்குத் தமிழ் மண்ணில் இன்னும் பழைய கதை ஒன்று இருக்கிறது. இந்தியாவில் அரிவாள் செல் இருப்பதை அறிவியல் உலகுக்கு முதலில் காட்டிய இடங்களில் நீலகிரி முக்கியமானது. 1952-இல் ஹெர்மன் லேமான், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைச் சோதித்து அந்தக் கூறு இருப்பதைப் பதிவு செய்தார்கள். அவர்களைத் துளைத்த கேள்வி இந்த மக்கள் எந்த இனத்தின் வழிவந்தவர்கள், ஆப்பிரிக்காவில் அறியப்பட்ட ஒரு ரத்தக்கூறு இங்கே எப்படி வந்தது என்பது. மானிடவியலில் அதற்கு மதிப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் கை கால் மூட்டெல்லாம் வலித்துச் சுருண்டு அழும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கும் பணியர் பழங்குடித் தாயின் கேள்வி அது அல்லவே.

அவளுக்குப் பதில் சொல்ல ஆள் வர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. அதுவும் ஆய்வின் வழியாக வரவில்லை. நிலத்துக்கான போராட்டத்தின் வழியாக வந்தது. நீலகிரியின் கூடலூரில் 1986-இல் ‘அக்கார்டு’ அமைப்பு வேலையைத் தொடங்கியது. ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவானது. 1988 டிசம்பர் 5 அன்று பத்தாயிரம் ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுக் கூடலூர்த் தெருக்களில் நடந்தார்கள். சங்கம் வேர்விட்ட பிறகுதான் ‘அஸ்வினி’ என்ற சுகாதார அமைப்பும், கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் வந்தன. அங்கே செவிலியராகப் பயிற்சி பெற்றவர்கள் ஆதிவாசி வீட்டுப் பெண்கள். அரிவாள் செல் உள்ளவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, பெயரைப் பதிந்து, தொடர்ந்து கவனிக்கும் வேலையை அந்த மருத்துவமனை தன் தோளில் போட்டுக்கொண்டது. அதே நோய், அதே மலை. 1952-இல் ரத்தம் மலையிறங்கிப் போனது. பின்னால் வந்தவர்கள் மருந்தோடு அங்கேயே தங்கினார்கள்.

மக்கள் கேட்காத கேள்வியை ஆய்வாளர் எடுத்து வரவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ரத்தத்துக்குள் வளைந்துபோன அணு வெறும் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தவர்தான் வந்து சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அடுத்து என்ன என்று கேட்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். 2023 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இலக்கோடு நடக்கிறது. பரிசோதித்தவருக்கு அட்டை கொடுக்கிறார்கள். ‘உனக்கு நோய் இல்லை, ஆனால் அந்தக் கூறு இருக்கிறது’ என்று எழுதிய அட்டையைக் கையில் வாங்கும் பதினேழு வயதுப் பெண்ணுக்கு, நாளைக்குக் கல்யாணப் பேச்சில் அந்த அட்டை என்ன செய்யும் என்பதை அவள் மொழியில் உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்காமல் பரிசோதனைக் கருவிக்கு மட்டும் பணம் ஒதுக்குவது அரைவேலை.

கட்சிரோலியில் மக்களிடம் கேட்கத் தொடங்கிய பிறகு நடந்தவற்றைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். மருத்துவமனை எப்படி இருக்க வேண்டும் என்று ஆதிவாசிகளிடம் கேட்டார்கள். பெரிய கட்டடம் பயமாக இருக்கிறது, கூட வந்த சொந்தக்காரர்களை வெளியே நிறுத்திவிடுகிறார்கள் என்று பதில் வந்தது. அதனால் மருத்துவமனை அவர்கள் ஊர் போலவே குடிசை குடிசையாக எழும்பியது. நோயாளியோடு குடும்பமும் தங்கலாம். அவர்கள் கும்பிடும் தெய்வமான தந்தேஸ்வரியின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

ராணி பங் பெண்களோடு பேசியபோது அதுவரை எந்தக் கணக்கெடுப்பிலும் வராத ஒன்று வெளியே வந்தது. அன்றைக்கு அரசு ஆவணங்களில் கிராமத்துப் பெண் என்றால் கர்ப்பிணி, இல்லாவிட்டால் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள். இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்ததில் 92 சதவீதம் பேருக்குக் கருப்பை, பிறப்புறுப்பு சார்ந்த நோய்கள் இருந்தன. அதற்கு முன் அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். 1989 ஜனவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த அந்தக் கட்டுரை, பெண்களின் உடல்நலம் என்றால் பிரசவம் மட்டும்தான் என்ற நினைப்பை உலக அளவில் அசைத்தது. வெள்ளைப்படுதலையும் இடுப்பு வலியையும் ‘பொம்பளைன்னா இருக்கத்தான் செய்யும்’ என்று பொறுத்துக்கொண்டிருந்தவர்கள் வாய் திறந்ததற்குக் காரணம், கேட்டவர் ஒரு பெண், அதுவும் அதே மண்ணில் குடியிருந்தவர்.

பிறகு பச்சிளம் குழந்தைகள். பிறந்து ஒரு மாதத்துக்குள் இறந்துபோகும் குழந்தைகளைக் காப்பாற்ற மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருந்தது. மழைக்காலத்தில் பாதையே இருக்காது. அதனால் ஒவ்வோர் ஊரிலும் ஓரளவு படித்த ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, மூச்சு விடாத குழந்தைக்கு மூச்சு கொடுக்கவும், கிருமித்தொற்றுக்கு ஊசி போடவும் கற்றுக்கொடுத்தார்கள். டாக்டர் அல்லாத ஒரு கிராமத்துப் பெண் பச்சைக் குழந்தைக்கு ஊசி போடலாமா என்று கேட்ட மருத்துவர்கள் உண்டு, அவர்கள் பயத்தில் நியாயமும் உண்டு. அதனால்தான் 39 ஊர்களில் செய்து, 47 ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது ஆண்டில் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு, ஒப்பீட்டு ஊர்களோடு பார்க்கையில், 62 சதவீதம் குறைந்தது. 1999-இல் வெளியான அந்த முடிவு, 2011-இல் நாடு முழுவதும் ‘ஆஷா’ என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் பிறந்த குழந்தையை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் திட்டமாக மாறியது. மக்களோடு சேர்ந்து செய்தால் அறிவியலின் தரம் இறங்கிவிடும் என்று நினைப்பவர்கள் அந்த 1999 ஆய்வுக் கட்டுரையை ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான கதைகளுக்கும் பஞ்சமில்லை. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் ஹவசூபாய் என்ற சிறு பழங்குடி வாழ்கிறது. சர்க்கரை நோய் தங்களை அரித்துத் தின்பதைப் பார்த்து, 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அவர்கள் ரத்தம் கொடுத்தார்கள். 2003-இல் அந்த இனப் பெண் ஒருவர் அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு ஒன்றைக் கேட்கப் போயிருந்தார். மேடையில் விளக்கப்படுவது தங்கள் ரத்தத்தைக் கொண்டு செய்த வேறொரு ஆய்வு என்று அவருக்குப் புரிந்தது. எழுந்து, இதற்கு எங்களிடம் அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார். மனச்சிதைவு நோய், உறவுக்குள் திருமணம், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது எனப் பலவற்றுக்கும் அந்த ரத்தம் பயன்பட்டிருந்தது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள், அதன் காவலர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அதையே பொய்யாக்கும் முடிவு அவர்கள் ரத்தத்திலிருந்தே எழுதப்பட்டிருந்தது. வழக்கு நடந்தது. 2010-இல் ஏழு லட்சம் டாலர் இழப்பீட்டோடு, மிச்சமிருந்த ரத்தமும் திருப்பித் தரப்பட்டது. பழங்குடியினர் சிலர் ஆய்வகத்துக்கே போய், உறைநிலையில் இருந்த அந்தக் குப்பிகளின் முன்னால் நின்று அழுதார்கள். கொடுத்தவர்களில் சிலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

இந்தியாவில் நடந்தது இன்னும் நெருக்கமானது. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பெண் குழந்தைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்க்கும் திட்டம் ஒன்று நடந்தது. கம்மத்தில் பல சிறுமிகள் விடுதிகளில் தங்கிப் படித்த ஆதிவாசிப் பிள்ளைகள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஏழு சிறுமிகள் இறந்தபோது செய்தி பரவி, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இல்லை என்றே விசாரணைக் குழு சொன்னது. ஆனால் ஒப்புதல் வாங்கிய முறையை 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு மிகக் கடுமையாகச் சாடியது. உயிர்காக்கும் ஒரு தடுப்பூசியின் மேல் அன்று விழுந்த சந்தேகம் பல ஆண்டுகள் விலகவில்லை. பெற்றோரை வரவழைத்து உட்கார வைத்துப் பேசியிருந்தால் சில வாரங்கள் கூடுதலாகச் செலவாகியிருக்கும். அந்தச் சில வாரங்களை மிச்சப்படுத்தப் போய் ஒரு தலைமுறைப் பெண்களின் காலம் வீணானது.

கம்போடியாவில் 2004-இல் வேறு விதமாக நடந்தது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க டெனோஃபோவிர் மாத்திரை உதவுமா என்று பாலியல் தொழிலாளர்களிடம் சோதிக்கத் திட்டமிட்டார்கள். அந்தப் பெண்கள் சங்கமாகத் திரண்டு ஒன்றைக் கேட்டார்கள்: சோதனையால் எங்களுக்கு ஏதாவது ஆனால், சோதனை முடிந்த பிறகும் யார் வைத்தியம் பார்ப்பார்கள்? திருப்தியான பதில் வரவில்லை. அரசு சோதனையையே நிறுத்தியது. எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வுகளில் மக்களை எப்படிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உலக அளவில் நெறிமுறை வகுக்கப்பட்டது இதற்குப் பின்னர், 2007-இல். அந்த மாத்திரை பிற்பாடு வேறு நாடுகளில் பயன் தந்தது. ஆனாலும் அந்தப் பெண்கள் கேட்ட கேள்வி அன்றைக்கும் நியாயம், இன்றைக்கும் நியாயம்.

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017-இல் தங்களுக்கென ஓர் ஆய்வு நெறிமுறையை எழுதி வெளியிட்டார்கள். வருகிறவர்கள் ஜன்னல் வழியாக நுழையாமல் கதவு வழியாக வரவேண்டும் என்று அவர்களின் தலைவர் ஒருவர் சொன்னது இன்றும் பேசப்படுகிறது. நம் மலைகளில் இருக்கும் பழங்குடிச் சங்கங்களும் அப்படி ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் தயவும் வேண்டியதில்லை.

சென்னைக்கு வருவோம். தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம். காசநோய் என்றால் மாதக்கணக்கில் ஊருக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் படுத்திருக்க வேண்டும் என்றிருந்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். அந்தக் காலத்தை முடித்துவைத்ததில் சென்னையின் ஏழைக் குடும்பங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், இன்னொரு பாதி வீட்டில். இருவருக்கும் ஒரே மாத்திரை. வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடியிருப்பு, குறைந்த சாப்பாடு, ஓய்வும் கிடையாது. இருந்தும் அவர்கள் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். கூட இருந்தவர்களுக்குத் தொற்று கூடவும் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவைக் கண்டு உலகம் சானடோரியங்களை மூடத் தொடங்கியது. மாத்திரை கொடுத்து, வீடு தேடிவந்து பார்த்துப் போன சுகாதாரப் பணியாளர்களும், கதவைத் திறந்துவிட்ட அந்தக் குடும்பங்களும் உலகத்துக்குச் செய்த கொடை இது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆனால் அந்த முடிவுக்குப் பின்னால் ஒரு நிழலும் நீண்டது. நல்ல சாப்பாடு இல்லாமலே மாத்திரை வேலை செய்யும் என்று தெரிந்ததும், காசநோய்த் திட்டங்களில் சாப்பாட்டைப் பற்றிய பேச்சு மெல்ல ஒதுங்கியது. நோயாளிகள் ஒதுக்கவில்லை. ‘வெறும் வயித்துல இவ்வளவு மாத்திரை எப்படிம்மா போடுறது?’ என்று சுகாதார நிலையங்களில் செவிலியர்களிடம் கேட்டபடியேதான் இருந்தார்கள். அது புலம்பலாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது, ஆய்வுக் கேள்வியாக யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

குறித்துக்கொண்டவர்கள் சத்தீஸ்கரில் இருந்தார்கள். பிலாஸ்பூர் பக்கத்தில் கனியாரி என்ற ஊரில் ‘ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக்’ என்ற மருத்துவர் குழு ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கிறது. அங்கே வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட காசநோயாளிகளின் எடையைத் தொகுத்துப் பார்த்து 2013-இல் எழுதினார்கள். நடுத்தர அளவில் ஆண்களின் எடை 42 கிலோ, பெண்களின் எடை 34 கிலோ. வளர்ந்த பெண்ணுக்கு 34 கிலோ என்பது இங்கே பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் எடை. அந்தக் குழுவோடு இருந்த டாக்டர் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் பின்னர் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் பெரிய ஆய்வை நடத்தினார்கள். நோயாளிகள் 2,800 பேருக்கும் உணவுப் பொட்டலம். அவர்களோடு வாழும் குடும்பத்தினர் 10,345 பேரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மற்றவருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை ஏறிய நோயாளிகள் இறப்பதும் வெகுவாகக் குறைந்தது. 2023 ஆகஸ்டில் இந்த முடிவுகள் வெளியாயின. இந்த ஆய்வில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்காளி. சாப்பாடு இல்லாமலும் மருந்து வேலை செய்யும் என்று காட்டிய அதே நிறுவனம், சாப்பாடு போட்டால் நோயே வராமல் தடுக்கலாம் என்பதைக் காட்ட அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

முதல் ஆய்வு தப்பு என்று சொல்ல முடியாது. அது தன் கேள்விக்குச் சரியாக விடை சொன்னது. பசியைப் பற்றிய கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் அந்த அறையில் இல்லை. இருந்திருந்தால் அரிசியும் பருப்பும் 1960களிலேயே ஆய்வுத் திட்டத்துக்குள் வந்திருக்கும். காசநோயாளிகளுக்கான மாத உதவித்தொகை 2018-இல் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில்தான் 1,000 ரூபாயானது. தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் நோயாளி வந்த உடனே எடையையும் மூச்சையும், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பதையும் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். நோயாளியின் மெலிவு ஒருவழியாகக் கணக்கில் வந்துவிட்டது.

இனி தமிழ்நாட்டில் என்ன செய்யலாம்? முதலில் ஒப்புதல் படிவத்தின் தமிழைத் திருத்த வேண்டும். ‘இவ்வாய்வில் தங்களது பங்கேற்பு முற்றிலும் தன்னார்வமானது, சமவாய்ப்பு முறையில் தாங்கள் ஒரு குழுவில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்’ என்கிற நடையை வாசித்துக் காட்டினால் கேட்பவர் தலையாட்டுவார், கையெழுத்தும் போடுவார், ஒன்றும் புரிந்திருக்காது. ‘இஷ்டம் இருந்தா மட்டும் சேருங்க அக்கா. பாதியில வேண்டாம்னு தோணுச்சுன்னா விட்டுடலாம், அதனால இங்க நீங்க பாக்குற வைத்தியம் நிக்காது. யாருக்கு எந்த மருந்துன்னு சீட்டுக் குலுக்கித்தான் போடுவோம், டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார்’ என்று சொன்னால் புரியும். ஏலச்சீட்டும் குலுக்கல் சீட்டும் புழங்கும் ஊரில் குலுக்கலின் நியாயத்தைத் தனியாக விளக்கவே வேண்டாம். 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி ஒவ்வொரு நெறிமுறைக் குழுவிலும் மருத்துவம் சாராத ஒரு சாதாரண ஆள் இருந்தாக வேண்டும். அந்த ஆளுக்குத் தமிழ்ப் படிவத்தை வாசித்துப் பார்த்து ‘இது புரியவில்லை’ என்று திருப்பி அனுப்பும் அதிகாரம் வேண்டும். ஓய்வுபெற்ற அதிகாரியை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் பலன் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற ஒருவர் உட்கார்ந்தால் பலன் உண்டு.

அடுத்தது கூலி. காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வரச்சொன்னால் களையெடுக்கப் போகிறவருக்கு அன்றைய வேலை போச்சு. வீடு வீடாகப் போய் நாற்பது பக்கக் கேள்வித்தாளை நிரப்பும் தன்னார்வலருக்கு அது மூன்றாவது வேலை. ஆய்வு நிதியில் விமானக் கட்டணத்துக்கு இடம் இருக்கிறது, இவர்களுடைய அரைநாள் கூலிக்கும் இடம் இருக்க வேண்டும். அது லஞ்சம் ஆகிவிடுமோ என்று நெறிமுறைக் குழுக்கள் தயங்குவது தெரிந்ததுதான். இழந்த கூலியைத் திருப்பித் தருவது ஆசை காட்டுவது ஆகாது.

கடினமான இடம் ஒன்று இருக்கிறது. ‘மக்கள்’ என்று சொல்வது யாரை? தமிழ்நாட்டில் ஊர் ஒன்று, காலனி ஒன்று. ஊர்ப் பெரியவர் சரி என்று சொன்னால் காலனியின் சம்மதம் வந்துவிடாது. ஆண்கள் தலையாட்டினால் பெண்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஊரின் அனுமதி ஒருபோதும் தனி ஆளின் சம்மதத்துக்கு ஈடாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறையும் தெளிவாகச் சொல்கிறது. கட்சிரோலியில் ஊர்த்தலைவர்களிடம் மட்டும் கேட்டிருந்தால் அந்த 92 சதவீதம் வெளியே வந்திருக்கவே வந்திருக்காது. ஆகவே கூட்டு என்றால் பல இடங்களில், பல நேரங்களில், தனித்தனியாக உட்கார்ந்து கேட்பது. காலம் பிடிக்கும். ஆய்வுக்கு மூன்று ஆண்டு நிதி என்றால் முதல் ஆறு மாதத்தைக் கேட்பதற்கென்றே விட்டுவைக்க வேண்டும்.

முடிவைத் திருப்பிச் சொல்வதற்கு மட்டும் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வரவு செலவு, குடிநீர், டெங்கு தடுப்பு என்று கூட்டப்பொருள் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. ‘இந்த ஊராட்சியில் நடந்த சுகாதார ஆய்வுகளும் அவற்றின் முடிவுகளும்’ என்று இன்னொரு பொருளைச் சேர்த்தால் போதும். ரத்தம் எடுத்துப்போன நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து, எத்தனை பேரிடம் எடுத்தோம், எதற்கு, என்ன தெரிந்தது, மிச்ச ரத்தம் இப்போது எங்கே இருக்கிறது என்று மைக்கில் சொல்ல வேண்டும். யாருக்கு என்ன நோய் என்பது அவரவரிடம் தனியாக. பிறகு கேள்விகள். பின்வரிசையில் முந்தானையைப் பிடித்தபடி நிற்கும் ஓர் அம்மா எழுந்து ‘நீங்க அடுத்த தடவை வரும்போது எங்க முட்டிவலியையும் கொஞ்சம் பாருங்க சார்’ என்று சொன்னால், அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இதற்குச் சட்டம் தேவையில்லை, ஊரக வளர்ச்சித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும். அக்டோபர் 2 கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.